டீ வரும்வரை கேட்கக்கூடாது

எங்கள் சைக்கிள் சங்கத்தில் எழுதிவைத்த சட்டம் என்று எதுவும் கிடையாது. எழுதாத சட்டம் ஒன்றே ஒன்று உண்டு. முன்னால் போகிறவரை, டீக்கடை வரும்வரை, யாரும் ஒரு கேள்வி கேட்கக்கூடாது. எங்கே போகிறோம், இன்னும் எவ்வளவு தூரம், இந்த மேட்டில் ஏறித்தான் ஆக வேண்டுமா, எதுவும் கூடாது. போன் பைக்குள் இருக்க வேண்டும். டீ கிளாஸ் கைக்கு வந்த பிறகு என்ன வேண்டுமானாலும் கேட்கலாம். திட்டக்கூடச் செய்யலாம்.

இந்தச் சட்டம் சும்மா வரவில்லை. இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால், சங்கம் ஆரம்பித்த புதிதில், ஒவ்வொரு முக்கிலும் பஞ்சாயத்து நடக்கும். ஒருத்தர் இடது என்பார், ஒருத்தர் வலது என்பார், இன்னொருத்தர் வயிறு சரியில்லை, வீட்டுக்கே போகலாம் என்பார். ஒரு ஞாயிற்றுக்கிழமை, நாங்கள் கூடிக் கிளம்பும் தண்ணீர்த்தொட்டியைத் தாண்டி வரும் முதல் சந்திப்பிலேயே ஒன்றரை மணி நேரம் நின்று சண்டை போட்டுவிட்டு, வெயில் ஏறிவிட்டது என்று அப்படியே வீட்டுக்குத் திரும்பினோம். அன்றைக்கு நாங்கள் ஓட்டிய மொத்த தூரம் அரை கிலோமீட்டர். அடுத்த வாரம் மீட்டர் அண்ணன் தொட்டிக்கு அடியில் நின்று, "இனிமே நான் முன்னால போறேன். எல்லாரும் வாயை மூடிக்கிட்டு வாங்க. டீ குடிக்கும்போது பேசிக்கலாம்" என்றார். அன்றிலிருந்து அவர்தான் முன்னால்.

மீட்டர் அண்ணன் மின்சார ஆபீசில் வீடு வீடாகப் போய் ரீடிங் எடுத்தவர். முப்பத்தோரு வருஷம். இந்த ஊரில் அவர் நுழையாத சந்து கிடையாது. எந்த வீட்டில் மீட்டர் மாடிப்படிக்குக் கீழே இருக்கிறது, எந்த வீட்டில் நாயைக் கட்டாமல் விட்டிருப்பார்கள், எந்த வீட்டுக்காரர் இவர் தலையைக் கண்டதும் ஓடிப்போய் ஃபேனை அணைப்பார், எல்லாம் மனப்பாடம். ஓய்வு பெற்று நாலு வருஷம் ஆகிறது. அவரும், நான் அக்கா என்று கூப்பிடும் அவர் மனைவியும் கீழ்வீடு, நான் மாடிவீடு. என்னைச் சங்கத்தில் சேர்த்துவிட்டதும் அவர்தான். நான் பல் டாக்டர்களுக்குப் பல் செட்டு செய்து கொடுக்கிறவன். அதனால் சங்கத்தில் எனக்குப் பெயர் பல்லு. வரிசையில் எனக்கு இடம் கடைசி. அந்த இடத்துக்கு வால் என்று பெயர். பஞ்சரானவர்களோடு நிற்பது, மேட்டில் மூச்சு வாங்குகிறவர்களைத் தேற்றிக் கூட்டிக்கொண்டு வருவது, இதெல்லாம் வாலின் தலையெழுத்து.

வரிசையில் வாய்க்கு வேலை இல்லை, எல்லாம் கைதான். அண்ணன் கையைத் தூக்கினால் நில். முதுகுக்குப் பின்னால் ஆட்டினால் ஒதுங்கு. விரலைக் கீழே காட்டினால் பள்ளம். ஒவ்வொருவரும் முன்னால் இருப்பவர் காட்டியதை அப்படியே பின்னால் இருப்பவருக்குக் காட்ட வேண்டும். நீ பள்ளத்தைக் கண்ணால் பார்த்தாயா என்பதெல்லாம் பேச்சே இல்லை. இப்படி ஒரு பள்ளம் பதினாறு கை மாறி என்னிடம் வந்து சேரும். எனக்குப் பின்னால் யாரும் இல்லாததால் நான் மட்டும் யாருக்கும் காட்ட வேண்டியதில்லை.

இப்படித்தான் இருபத்திரண்டு வருஷம் ஓடியது. போன மூன்று மாதமாகச் சங்கத்தில் ஒரே குதூகலம். அண்ணன் புதுப்புது வழியாகக் கூட்டிக்கொண்டு போக ஆரம்பித்தார். ஒரு வாரம் மூடிப்போன செங்கல் சூளைகளுக்கு நடுவே ஒரு மண்பாதை. இன்னொரு வாரம் பழைய தொழிற்சாலைக்குப் பின்னால் ஒரு ஏரி, கரை நெடுக நாணல். எங்கள் சங்கத்துப் பேக்கரிக்காரர் கரையில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றிவிட்டார்.

"அண்ணே, நான் பொறந்ததுல இருந்து இந்த ஊர்லதான் இருக்கேன். இங்க ஒரு ஏரி இருக்கறதே எனக்குத் தெரியாதுண்ணே. எப்படிண்ணே கண்டுபிடிச்சீங்க?"

அண்ணன் டீயை ஆற்றிக்கொண்டே, "போனா வருது" என்றார்.

ஆகா, என்ன பதில் என்று எல்லோரும் தலையாட்டினோம். ஒரு வாரம் நேராகக் குப்பைக் கிடங்குக்குள் கொண்டுபோய் விட்டார். மூக்கைப் பிடித்துக்கொண்டு திரும்பினோம். அதற்கும் எங்கள் நர்ஸம்மா ஒரு விளக்கம் வைத்திருந்தாள். "நாம போடற குப்பை எங்க போய்ச் சேருதுன்னு நாம பாக்கணும்ல? அதுக்குத்தான் அண்ணன் கூட்டிட்டு வந்திருக்கார்." இதற்கும் தலையாட்டினோம். ஆட்டுகிற தலைகளுக்கு எங்கள் சங்கத்தில் எப்போதும் பஞ்சமில்லை.

அதே சமயத்தில்தான் அண்ணன் இன்னொரு மாற்றமும் கொண்டுவந்தார். டீக்கடையில் எழுந்து நின்று, "திரும்பிப் போகும்போது வரிசையைத் திருப்பிக்கலாம். வால்ல வரவன் முன்னால போகட்டும். எத்தனை வருஷம்தான் பாவம் இவன் அடுத்தவன் முதுகையே பாத்துக்கிட்டு வருவான்?" என்றார். கை தட்டினார்கள். எனக்குக் கால் தரையில் பாவவில்லை. இருபத்திரண்டு வருஷம் வாலாக இருந்தவன் பாதித் தூரத்துக்காவது தலையாகிவிட்டேன் அல்லவா? வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். "சரி, வரும்போது முட்டை வாங்கிட்டு வரச் சொன்னேனே?" என்றாள். நான் அசரவில்லை. கையுறை ஒரு ஜோடி புதிதாக வாங்கினேன்.

டீ குடித்தாயிற்று என்பதால் போனில் வழியைப் பார்த்துக்கொண்டே ஓட்டுவேன். திரும்பும்போது ஊருக்குள் நுழைந்ததும் ஒவ்வொருவராகக் கழன்றுகொள்வார்கள். கடைசியில் நானும் அண்ணனும்தான் மிச்சம். நான் முன்னால், அவர் பத்தடி பின்னால். எங்கள் வீட்டுப் பச்சைக் கேட்டுக்கு முன்னால் நான் இறங்கினால் அவரும் இறங்குவார்.

அன்றைக்கு ஒரு புதன்கிழமை. சாயங்காலம் அக்கா மாடிப்படிக்குக் கீழே நின்று என்னைக் கூப்பிட்டாள். அக்கா நீராவி லாண்டரியில் வேலை பார்க்கிறாள். ஓட்டல்களிலிருந்து வரும் படுக்கை விரிப்புகளை இஸ்திரி இயந்திரத்துக்குள் விட்டு மடிப்பது அவள் வேலை. விடிவதற்கு முன்னால் சைக்கிளில் போய், மதியம் திரும்பிவிடுவாள். ஆவியில் வெந்து வெந்து அவள் விரல் நுனியெல்லாம் எப்போதும் வெளுத்துச் சுருங்கியிருக்கும். நான் இறங்கிப் போனபோது கொடியிலிருந்து எடுத்த விரிப்புகள் கட்டிலில் குவிந்து கிடந்தன. அண்ணன் பின்கட்டில் குளித்துக்கொண்டிருந்தார். தண்ணீர் விழும் சத்தம் கேட்டது.

"தம்பி, இந்த முனையைப் பிடி."

பிடித்தேன். இரண்டு பேரும் விரிப்பை இழுத்து உதறினோம்.

"போன ஞாயித்துக்கிழமை எங்க போனீங்க?"

"சூளைப் பக்கம்கா. அதுக்கு முந்தின வாரம் ஏரி. அண்ணன் கலக்குறார்கா. எங்க இருந்துதான் புடிக்கிறாரோ!"

"ம். இப்ப நட. என் பக்கம் வா."

முனைகளைக் கொண்டுபோய் அவள் கையில் சேர்த்தேன். அவள் மடிப்பைத் தடவிவிட்டு, அடுத்ததை எடுத்துக்கொடுத்தாள்.

"இதை எப்பவும் அவர்தான் பிடிப்பார். முப்பது வருஷமா. போன வாரம் முனையைப் பிடிச்சுக்கிட்டு அங்கயே நின்னுட்டார். நான் இந்தப் பக்கம் நிக்கறேன். வாங்கன்னேன். என் முகத்தையே பாக்கறார். என்ன பண்ணணும்னு தெரியல அவருக்கு."

"ஏதோ யோசனையா இருந்திருப்பார்கா."

"நானும் அப்படித்தான் நினைச்சேன். இன்னைக்கு மத்தியானம் ரொட்டி வாங்கப் போனார். நாலு தெரு தள்ளி இருக்கற கடை. ரெண்டு மணி நேரம் கழிச்சு, தெருவோட அந்தக் கோடியில இருந்து வரார், வெறுங்கையோட. கேட்டா, கடை பூட்டியிருந்துச்சுங்கறார்."

அது எங்கள் சங்கத்துக்காரரின் கடைதான். பேக்கரிக்காரர் தன் கல்யாணத்தன்றே மதியம்வரை கடை திறந்துவைத்தவர்.

"ஞாயித்துக்கிழமை மட்டும் டாண்ணு வீட்டுக்கு வந்துடறார்" என்றாள் அக்கா. "அதான் எனக்குப் புரியல. ரொட்டிக் கடைக்கு வழி தெரியாதவர், நாப்பது கிலோமீட்டர் போயிட்டு எப்படித் திரும்பி வரார்?"

நான் பெருமையாக வாயைத் திறந்தேன். "அது ஒண்ணும் இல்லக்கா, திரும்பும்போது இப்பல்லாம் நான்தான் முன்னால…"

சொல்லிக்கொண்டிருக்கும்போதே எனக்கு உறைத்தது. அக்கா விரிப்பைக் கீழே விட்டுவிட்டாள்.

"எப்ப இருந்து?"

"மூணு மாசமா."

"யார் சொன்னா உன்னை முன்னால போகச் சொல்லி?"

"அண்ணன்தான்."

அவள் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். நான் கையில் இரண்டு முனையோடு பேந்தப் பேந்த விழித்துக்கொண்டு நின்றேன். தலைவனாக்கிவிட்டார் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேனே! அவர் வீடு வந்து சேர, மாடிவீட்டுக்காரனைப் பார்த்து முன்னால் விட்டிருக்கிறார். வெட்கமா, வருத்தமா என்று எனக்கே தெரியவில்லை. பின்கட்டில் தண்ணீர் நின்றது. துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டு வந்த அண்ணன், "என்னடா பல்லு, உன்னையும் லாண்டரியில சேத்துட்டாளா?" என்று கேட்டுச் சிரித்தார்.

அப்படிச் சிரிக்கிற மனிதரை என்னவென்று நினைப்பது? மறுநாள் காலையில் முற்றத்தில் சைக்கிளைக் கவிழ்த்துப்போட்டுச் சங்கிலிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். ஒவ்வொரு கண்ணியாக, ஒரு சொட்டு அதிகமில்லாமல். என்னைப் பார்த்ததும், "நீ குடி வந்தப்ப உன் மாடி மீட்டர் எவ்வளவு ஓடியிருந்துச்சு தெரியுமா?" என்று ஐந்து இலக்கத்தில் ஒரு எண்ணைச் சொன்னார். நான் ஓடிப்போய்ப் பழைய அட்டையை எடுத்துப் பார்த்தேன். சரியாக இருந்தது. இவருக்கா மறதி? அக்காவுக்குத்தான் வேலை அசதியில் ஏதோ தோன்றுகிறது என்றுகூட நினைத்தேன். மத்தியானம் அதே மனிதர் கேட்டைத் திறந்து வெளியே போய், நின்று, இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, மறுபடி உள்ளே வந்து கேட்டை மூடிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை அக்கா அரை நாள் விடுப்பு போட்டுவிட்டு, கண் பரிசோதனை என்று பொய் சொல்லி அவரை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனாள். துணைக்கு நானும் போனேன். டாக்டர் சின்ன வயதுப் பெண். என்ன கிழமை, என்ன மாதம் என்று கேட்டாள். எல்லாவற்றுக்கும் சரியாகச் சொன்னார். ஒரு கடிகாரம் வரையச் சொன்னாள்.

"கண்ணு டெஸ்டுக்கு எதுக்கும்மா கடிகாரம்?"

"சும்மா வரைங்க, பாக்கலாம்."

வட்டம் வரைந்தார், அழகான வட்டம். பன்னிரண்டு எண்களையும் ஒரே பக்கத்தில் நெருக்கி எழுதிவிட்டு, காலியாகக் கிடந்த மறுபாதியை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு காகிதத்தைத் திருப்பி வைத்தார். வெளியே வரும்போது நடையில் ஒரு மீட்டர் பெட்டி இருந்தது. கண்ணாடியைத் துடைத்துவிட்டு ரீடிங்கைச் சத்தமாகப் படித்தார். "பாத்தியா, கண்ணு நல்லாத்தான் இருக்கு" என்றார் அக்காவிடம்.

டாக்டர் அக்காவைத் தனியாகக் கூப்பிட்டு, மறதி நோயாக இருக்கலாம், வேறு ஏதாவதாகவும் இருக்கலாம், மூளையைப் படம் எடுத்துப் பார்த்துத்தான் சொல்ல முடியும், அதுவரை தனியாக எங்கும் விட வேண்டாம் என்றாளாம்.

"தனியா எங்க விடறேன்? பதினேழு பேரோடதான் போறார்" என்று என்னிடம் சொல்லிவிட்டு அக்கா அழுதாள். பஸ் நிறுத்தத்தில், கைப்பையால் முகத்தை மறைத்துக்கொண்டு. அண்ணன் கொஞ்சம் தள்ளி நின்று, பஸ் வருகிறதா என்று தவறான பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிரச்சினை அந்த ஞாயிற்றுக்கிழமைதான். போன வாரமே டீக்கடையில் அண்ணன் எல்லோரிடமும் அடுத்த வாரம் அணைக்கட்டு என்று சொல்லியிருந்தார். அணைக்கட்டு வழியில் ஒரு சந்திப்பு வரும். அதில் ஒரு பக்கம் அணைக்குப் போகும், இன்னொரு பக்கம் ஜல்லி ஏற்றும் லாரிகள் போகும் ரோடு. வளைவுகளில் எதிரே என்ன வருகிறது என்றே தெரியாது. போன வருஷம் வேறொரு சங்கத்துக்காரர் ஒருத்தரை அங்கே லாரி இழுத்துக்கொண்டு போய்விட்டது. மூன்று குழந்தைகளின் அப்பா.

சனிக்கிழமை அக்கா அவரிடம் சொல்லிப் பார்த்தாள். "இந்த வாரம் ஒரு வாரம் வேணாமே. கால் வலின்னு சொல்லிடலாம்."

"தொட்டிக்கு அடியில பதினேழு பேர் வந்து நிப்பாங்க. யார் முன்னால போறது?" என்றார் அண்ணன். குரல் உயரவில்லை. அக்கா மாடி ஏறினாள். என்னிடம் வந்து, "அது ஒண்ணுதான் தம்பி அவர்கிட்ட மிச்சம் இருக்கு. அதையும் பிடுங்கிட்டா இந்தக் கட்டில்ல உக்காந்துடுவார். எழுந்திரிக்கவே மாட்டார்" என்றாள்.

"நான் பாத்துக்கறேன்கா."

"வால்ல இருந்துக்கிட்டு என்னத்தைப் பாப்ப? சரி, சொல்லு. அணைக்கட்டுக்கு அந்தச் சந்திப்புல எந்தப் பக்கம் திரும்பணும்?"

நான் யோசித்தேன். இன்னும் கொஞ்சம் யோசித்தேன்.

"எத்தனை தடவை போயிருக்க?"

"முப்பது தடவை இருக்கும்கா."

"அப்புறம்?"

"எனக்கு முன்னாடி பேக்கரிக்காரர் போவார். அவர் முதுகைத்தான் பாப்பேன்."

அவள் என்னைப் பார்த்த பார்வையை இப்போது நினைத்தாலும் அசடு வழிகிறது. அன்று சாயங்காலம் போனில் வரைபடத்தைப் பார்த்து மனப்பாடம் செய்தேன். ஒரு லாரி எடைமேடை வரும், அதைத் தாண்டியதும் சந்திப்பு, அதில் இடது. எடைமேடை, இடது. எடைமேடை, இடது. பல்லுக்கு மெழுகு வார்க்கும்போதும் இதையே சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை தொட்டிக்கு அடியில் போய் நின்றபோது, அக்கா வேலைக்குப் போகும் சைக்கிளோடு வந்து நின்றாள். முன்னால் கூடை. கூடையில் துணிப்பை. சங்கத்தில் எல்லோருக்கும் ஒரே ஆச்சரியம்.

"நீ எங்க வர?" என்றார் அண்ணன்.

"ஆறு நாள் வேலைக்கு மிதிக்கறேன். ஒரு நாள் சும்மா மிதிக்கறேன். கூடாதா?"

அக்கா நேராகப் போய் வரிசையில் இரண்டாவது இடத்தில், அவருக்கு ஒட்டினாற்போல் நின்றுகொண்டாள். பேக்கரிக்காரர் மட்டும் என்னிடம், "அக்கா வேகத்துக்குத்தான் இன்னைக்கு எல்லாரும். சாமி, என் முழங்கால் தப்பிச்சுது" என்று மகிழ்ந்தார்.

ராத்திரி மழை பெய்திருந்தது. ரோடெல்லாம் ஈரம். ஊரைத் தாண்டியதும் பனிமூட்டம் இறங்கிவிட்டது. எனக்கு முன்னால் பேக்கரிக்காரரின் அகலமான முதுகு, அதற்கு முன்னால் இரண்டு முதுகு, அதற்கப்புறம் வெறும் வெள்ளை. பள்ளத்துக்கு மட்டும் விரல்கள் வந்துகொண்டிருந்தன. அண்ணன் ஒரு பள்ளத்தைக்கூடத் தவறவிடவில்லை. நான் எடைமேடையைத் தேடிக்கொண்டே மிதித்தேன். ஒரு மரக்கிடங்கு வந்தது, ஒரு பாழடைந்த பள்ளிக்கூடம் வந்தது, ஒரு கோழிப்பண்ணை வந்தது. எடைமேடை வரவே இல்லை.

கை உயர்ந்தது. முதுகு முதுகாக எல்லோரும் நின்றோம்.

நான் வரிசையிலிருந்து விலகி மெதுவாக முன்னால் உருட்டிக்கொண்டு போனேன். ஒரு சந்திப்பு. நாலு ரோடு. பெயர்ப்பலகை இருந்த இடத்தில் இரண்டு கம்பிகள் மட்டும் நின்றன. நான் மனப்பாடம் செய்துவைத்திருந்த சந்திப்பு இது இல்லை. இடதுபக்கம் மூட்டம், வலதுபக்கமும் மூட்டம். கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போல நின்றேன். பையிலிருந்து போனை எடுத்தேன். சிக்னல் இல்லை.

அண்ணன் ஒரு காலைத் தரையில் ஊன்றி நின்றுகொண்டிருந்தார். ஒரு நிமிஷம் ஆனது. இரண்டு நிமிஷம் ஆனது. யாரும் பேசவில்லை. சட்டம் அப்படி. பிறகு அவர் திரும்பிப் பார்த்தார்.

"எந்தப் பக்கம் போலாம்?"

ஒருத்தர் சிரித்தார், இன்னொருத்தர் சிரித்தார், வரிசை முழுக்கச் சிரிப்பு ஓடியது. பேக்கரிக்காரர் பின்னாலிருந்து கத்தினார். "அண்ணே! டீக்கு முன்னாடி கேள்வி கேக்கக்கூடாதுண்ணே! நீங்க போட்ட சட்டம்!"

அண்ணனும் சிரித்தார். வாய் சிரித்தது. கண் ஒவ்வொரு முகமாகத் தேடிக்கொண்டு வந்து, என்னிடம் ஒரு கணம் நின்று, நகர்ந்தது. நான் வாயைத் திறந்தேன். என்ன சொல்ல? எனக்கே தெரியாத வழியை எப்படிச் சொல்ல? அவர் முன்சக்கரத்தை வலதுபக்கம் திருப்பினார். மிதியில் காலை வைத்தார். அந்த மூட்டத்துக்குள் எங்கேயோ, கனமான ஒரு வண்டி கியர் மாற்றும் சத்தம் கேட்டது.

"கொஞ்சம் நில்லுங்க" என்றாள் அக்கா.

சைக்கிளை ஸ்டாண்டு போட்டு நிறுத்தினாள். கூடையிலிருந்து துணிப்பையை எடுத்து, அதிலிருந்து ஒரு பெரிய ஃபிளாஸ்க்கை எடுத்தாள். மூடியைத் திருகி, அந்த மூடியிலேயே ஊற்றினாள். ஆவி பறந்தது. கொண்டுபோய் அண்ணன் கையில் கொடுத்தாள்.

"டீ வந்தாச்சு. இப்ப கேளுங்க."

அவர் கையிலிருந்த டீயைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். வலதுபக்க மூட்டத்தைக் கிழித்துக்கொண்டு ஜல்லி லாரி ஒன்று வந்து, எங்கள் மேலெல்லாம் சேற்றை வாரி இறைத்துவிட்டுப் போனது. யாரும் திட்டவில்லை. அண்ணன் ஒரு வாய் குடித்தார்.

"எனக்கு வழி தெரியலப்பா" என்றார். "இன்னைக்கு மட்டும் இல்ல. கொஞ்ச நாளாவே தெரியல."

சிரித்த முகங்கள் ஒவ்வொன்றாக அணைந்தன. நர்ஸம்மாவுக்கு உடனே புரிந்துவிட்டது. சைக்கிளைக் கீழே போட்டுவிட்டு வந்து அக்காவின் தோளைப் பிடித்துக்கொண்டாள். பேக்கரிக்காரருக்குத்தான் கொஞ்ச நேரம் பிடித்தது.

"அப்ப… அந்த ஏரி?"

"வழி தப்பித்தான் வந்தேன்."

"செங்கல் சூளை?"

"அதுவும்."

"குப்பைக் கிடங்கு?"

"அதுவும்தாண்டா."

பேக்கரிக்காரர் தொண்டையைச் செருமினார். "அது மட்டும் எனக்கு அப்பவே சந்தேகம்ணே."

முதலில் சிரித்தது அண்ணன்தான். டீ தளும்பிக் கையில் வழிகிற அளவுக்குச் சிரித்தார். அக்கா சிரித்தபடியே முந்தானையால் அவர் கையைத் துடைத்துவிட்டாள். நான் சிரித்தேனா அழுதேனா என்று எனக்கே நிச்சயமில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன்.

"சரி, அண்ணனுக்குத் தெரியல. யாருக்குத் தெரியும்?" என்று நர்ஸம்மா கேட்டாள்.

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். ஒருத்தருக்கும் தெரியவில்லை. இருபத்திரண்டு வருஷமாக அத்தனை பேரும் முன்னால் இருந்த முதுகைத்தான் பார்த்துக்கொண்டு வந்திருக்கிறோம். பேக்கரிக்காரர் இடதுதான் என்று சத்தியம் செய்தார். நர்ஸம்மா நேராகப் போனால் ஆஸ்பத்திரி வரும் என்றாள். ஒருத்தர் சூரியனை வைத்துச் சொல்கிறேன் என்று ஆரம்பித்தார், சூரியன் எங்கே என்று கேட்டதும் நிறுத்திக்கொண்டார். ஐந்து நிமிஷத்தில் நாலு ரோட்டுக்கும் நாலு கட்சி. அண்ணன் மைல்கல் மேல் உட்கார்ந்து, டீயைக் குடித்துக்கொண்டே, எல்லோரையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதுக்குத்தாண்டா நான் முன்னால போனேன்" என்றார்.

கடைசியில் வழி சொன்னவன் இன்னொரு லாரிக்காரன். நாங்கள் அணைக்கட்டுக்கு நேர் எதிர்த்திசையில் பதினோரு கிலோமீட்டர் வந்திருந்தோம். யாருக்கும் அதற்கு மேல் போக மனசில்லை. டீ குடித்தாயிற்று, ஆகவே வரிசையைத் திருப்ப வேண்டும். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் புதுக் கையுறையைக் கழற்றிப் பையில் வைத்தேன். அது கையில் இருந்தால் ஓட்ட முடியும் என்று தோன்றவில்லை. முதல் முறையாக ஒவ்வொரு முக்கையும் பார்த்துக்கொண்டு ஓட்டினேன். கோழிப்பண்ணை, பள்ளிக்கூடம், மரக்கிடங்கு. அண்ணனை நடுவில் விடலாம் என்று பேக்கரிக்காரர் சொன்னதற்கு அவர் கேட்கவில்லை. "வரிசைன்னா வரிசை. நான் கடைசிதான்" என்றார். அவருக்கு முன்னால் அக்கா.

ஊருக்குள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். கழன்றுகொள்ளும்போது ஒவ்வொருவரும் பின்னால் போய் அண்ணன் கையைத் தொட்டுவிட்டுப் போனார்கள். முன்பெல்லாம் கையை ஆட்டிவிட்டுப் போகிறவர்கள்தான். பேக்கரிக்காரர் மட்டும், "ரொட்டியை இனிமே நானே கொண்டாந்து குடுக்கறேண்ணே" என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு வேகமாகப் போனார். கடைசியில் நாங்கள் மூன்று பேர் மிச்சம்.

பச்சைக் கேட்டுக்கு முன்னால் இறங்கினேன். அக்கா இறங்கினாள். அண்ணன் இறங்கி, சைக்கிளைச் சுவரில் சாய்த்தார்.

"பல்லு."

"சொல்லுங்கண்ணே."

"உன்னை முன்னால விட்டது எதுக்குன்னு தெரிஞ்சு போச்சா?"

"தெரிஞ்சு போச்சுண்ணே."

"கோவமா?"

"கொஞ்சம்."

"நீ உன் வீட்டுக்குத்தானே போவ? உன் பின்னாலயே வந்தா என் வீடு வந்துடும். வேற எப்படின்னு எனக்குத் தெரியலடா." கேட்டின் மேல் கையை வைத்தார். "அடுத்த வாரமும் வரலாமா நான்?"

அப்படிக் கெஞ்சிக் கேட்டு நான் அவரைப் பார்த்ததே இல்லை. அந்த மனிதர் யாரிடமும் எதையும் கேட்டதில்லை.

"டீக்கு முன்னாடி கேள்வி கேக்கக்கூடாதுண்ணே" என்றேன்.

அவர் தலையாட்டினார். கேட்டைத் திறந்துகொண்டு முதலில் உள்ளே போனார். வாசலில் கல் பெயர்ந்து ஒரு குழி இருக்கிறது, மழைத்தண்ணீர் தேங்கியிருந்தது. அதைத் தாண்டும்போது, திரும்பிப் பார்க்காமல், விரலைக் கீழே காட்டினார். பின்னால் போன அக்கா, அவளும் திரும்பிப் பார்க்காமல், விரலைக் கீழே காட்டினாள். நான் அவளுக்குப் பின்னால் போனேன்.

எனக்குப் பின்னால் தெரு காலியாக இருந்தது. இருந்தாலும் நானும் விரலைக் கீழே காட்டிவிட்டு, குழியைத் தாண்டி உள்ளே போனேன்.